மலையேறக் காலணி எது?

அகத்தியமலைப் பயணத்திற்குப் பெயர் கொடுக்கும் மாணவர் ஒவ்வொருவரும் கணுக்காலை மூடும் உயர்தர மலையேற்றக் காலணி வைத்திருத்தல் கட்டாயம் என்று நம் சங்கத்தின் பயணக் குழு ஒரு விதியை முன்மொழிந்திருக்கிறது. குழுவினரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. வழுக்குப் பாறையில் எவரும் கால் முறித்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில் எழுந்த விதி அது. ஆயினும் அந்த விதியை நான் எதிர்க்கிறேன். பெயர்பெற்ற நிறுவனத்தின் காலணி ஒரு ஜோடியின் விலை, நம்மில் பலருடைய மாத உணவுக் கட்டணத்தைத் தாண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எந்தக் காலணி நம் மலைக்கு ஏற்றது என்ற கேள்விக்கே அந்த விதி தவறான விடை தருகிறது.

முதலில் மலையைப் பார்ப்போம். கடல் மட்டத்திற்கு மேல் 1868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். நெய்யாறு பிறப்பது அந்த மலைத்தொடரில்தான். அது நெய்யாற்றின்கரையைத் தொட்டுப் பூவாற்றில் கடலில் கலக்கிறது. போணக்காட்டில் புறப்பட்டு, அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் உச்சி ஏறுவது வழக்கம். போகும் வழி மட்டும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வழியில் ஓடைகளைக் கால் நனைத்தே கடக்க வேண்டும். பிறகு வெயில் காயும் புல்வெளி. அதற்கும் மேலே வேர்கள் பின்னிக் கிடக்கும் ஈரக் காடு. கடைசியில் கயிறு பிடித்து ஏறும் வழுக்கைப் பாறை. ஒரே பயணத்தில் இத்தனை விதமான தரையையும் ஒரு காலணி தாங்க வேண்டும்.

1855-ஆம் ஆண்டில், திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரூன் என்பவர், காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க இந்த மலையுச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பினார். அறிவியல் மாணவர்களாகிய நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செயல் அது. அந்தக் கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் உச்சிக்குச் சுமந்து சென்ற கூலியாட்களின் கால்களில் என்ன இருந்திருக்கும் என்று நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இனி, குழு விரும்பும் காலணியின் பிறப்பைப் பார்ப்போம். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஏறச் சென்ற குழுவில் அறுவர் பனிப்புயலில் சிக்கி மாண்டனர். அந்தக் குழுவில் இருந்து உயிர் தப்பிய விட்டாலே பிரமானி, பொருத்தமற்ற காலணிகளே அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று உணர்ந்தார். 1937-இல் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடித்தோலை அவர் உருவாக்கினார். அவர் பெயரைச் சுருக்கி அமைந்த ‘விப்ரம்’ என்ற சொல்லை இன்று உலகின் விலையுயர்ந்த மலைக்காலணிகளின் அடியில் காணலாம். 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதலாக வென்ற இத்தாலியரும் அந்த அடித்தோலையே அணிந்திருந்தனர். போற்றத்தக்க படைப்புத்தான். ஆனால் அது பனிக்கும் குளிருக்கும் பிறந்தது. குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டை எவ்வளவு உயர்ந்ததாயினும் பாறசாலைச் சந்தைக்கு அதை யார் அணிந்து போவார்?

கனமான காலணியே காலைக் காக்கும் என்பது ஒரு நம்பிக்கை. உடலில் சுமக்கும் எடையைவிடப் பாதத்தில் சுமக்கும் அதே எடை நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலை விழுங்குகிறது என்று 1969-இல் வெளிவந்த அமெரிக்க ராணுவ ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கனத்த ஜோடிக்கும் இலேசான ஜோடிக்கும் 800 கிராம் வேறுபாடு என்று கொள்ளுங்கள். கனத்ததை அணிபவர் முதுகில் கூடுதலாக மூன்று முதல் ஐந்து கிலோ சுமப்பதற்கு ஒப்பாகும். களைத்த கால்தான் மாலையில் இடறுகிறது.

கணுக்கால் வரை உயர்ந்த காலணி சுளுக்கைத் தடுக்கும் என்பதும் எல்லாரும் சொல்வதே. 1993-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தார்கள். உயரமான காலணி அணிந்தவர்களுக்கும் தாழ்ந்த காலணி அணிந்தவர்களுக்கும் சுளுக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆட்டக்களம் வேறு, மலை வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கட்டாய விதி செய்யப் புறப்படுபவர்கள் இதைவிட வலுவான சான்றைக் காட்ட வேண்டாமா?

நீர் புகாக் காலணி என்ற விளம்பரத்தைச் சற்று விரித்தே பேச வேண்டும். கடைக்காரர்கள் நம்மை அதிகம் மயக்குவது இங்கேதான். அத்தகைய காலணியின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. நீர்த்துளியை அது தடுக்கும். வியர்வை ஆவியை வெளியே விடும். ஆவியை வெளியே தள்ளுவது எது? உள்ளேயும் வெளியேயும் உள்ள நீராவி அழுத்த வேறுபாடே. பாதத்தின் அருகே 34 பாகை வெப்பத்தில், நிறைவுற்ற நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம். வெளியே பனி உறையும் குளிராக இருந்தால் அங்குள்ள அழுத்தம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, வேறுபாடு 35. நம் மலைக்காட்டில் 28 பாகை வெப்பமும் ஈரம் நிறைந்த காற்றும் இருக்குமானால் வெளியழுத்தமே 28. வேறுபாடு 12 மட்டுமே. அதாவது ஆல்ப்ஸ் மலையில் வேலை செய்யும் சவ்வு, நம் காட்டில் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். போதாக்குறைக்கு, முழங்கால் அளவு ஓடையில் இறங்கியதும் நீர் மேல்வழியே உள்ளே நுழைந்துவிடும். வெளியேறவும் அதற்கு வழியில்லை. காலில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல்தான். நனைந்தாலும் விரைவில் வடிந்து உலரும் துணிக்காலணியே நம் ஓடைகளுக்கு ஏற்றது. ஊறிய தோலில்தான் கொப்புளம் எழும்.

உண்மையான பாதுகாப்பு அடித்தோலில் இருக்கிறது. எங்கள் பாறசாலை, வெள்ளறடைப் பக்கத்துச் சரிவுகளில் நடந்தவர்களுக்குச் சரள் தெரியும். செம்மண்ணோடு உருண்டை உருண்டையாகச் சிதறிக் கிடக்கும் அந்தச் சிறுகற்கள் மேல் கால் வைப்பது, தரையில் கொட்டிய கடலை மேல் நடப்பது போன்றது. அங்கே அடித்தோலின் பற்கள் ஆழமாக இருக்க வேண்டும். பற்களிடையே சேறு தானாக உதிரும்படி இடைவெளியும் வேண்டும். ஈரப் பாறையிலோ பற்களைவிட ரப்பரின் மென்மையே முக்கியம். மென்மையான ரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதிந்து பிடிக்கும். கடினமான பிளாஸ்டிக் வழுக்கும். கடையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றே பதிந்து மீண்டால் நல்லது. நகம்தான் வலிக்கிறதென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பாசி படிந்த பாறையை எந்த ரப்பரும் பிடிக்காது. அங்கே உட்கார்ந்து இறங்குவதில் இழிவில்லை.

காலணியின் முன்பகுதியையும் குதிகாலையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் பிழிபடக் கூடாது. வளைத்தால் விரல்களின் அடியில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் கூர்ங்கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் பேசும். காலுக்குத் தாங்கு என்று நான் கருதுவது இதையும், குதிகாலை அசையாமல் பிடிக்கும் உறுதியான பின்புறத்தையும்தான்.

நீடித்து உழைக்குமா என்ற கேள்வியில் வேதியியல் மாணவர்களுக்கே தெரிந்த ஒரு செய்தி உண்டு. பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் அந்தச் சங்கிலி மூலக்கூறுகள் நீரால் மெல்ல அறுபடுகின்றன. அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவைத்த காலணி, சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்த நாளிலேயே பிட்டுபோல் உதிர்வது இதனால்தான். ஆகவே ‘பாதி விலை’ என்று விற்கும் பழைய சரக்கை நம் ஊரில் நம்பாதீர்கள். அடித்தோலை ஒட்டு மட்டும் போட்டுப் பொருத்தியிருக்கிறார்களா, தைத்தும் இருக்கிறார்களா என்று பாருங்கள். தைத்ததை மறுபடி தைக்க நம் பேருந்து நிலையத்தருகே ஆள் உண்டு.

அளவைப் பற்றி ஒரு சொல். வெறுங்காலோடு வளர்ந்த கால் விரிந்த கால். மணிப்பால் மருத்துவர்கள் 2300 குழந்தைகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, காலணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலினரில் 2.8 மட்டுமே. மேனாட்டு அச்சில் வார்த்த குறுகிய காலணி, நல்ல கால்களையே நசுக்குகிறது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அண்மையில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்து, நமக்கென ‘பா’ என்ற அளவுமுறையை வகுத்திருக்கிறது. அது கடைதோறும் வரும்வரை நாமே அளந்துகொள்ள வேண்டியதுதான். மாலையில் போங்கள், நடந்து வீங்கிய கால்தான் மலைமேல் இருக்கும் கால். பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலின் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையேல் இறங்கும்போது பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

கணுக்காலை மூடுவதால் பயனே இல்லையா என்பீர்கள். உண்டு, ஆனால் அது சுளுக்குக்காக அன்று. 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. கடி விழுவது பெரும்பாலும் கால்களில். எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் உதிர்ந்த சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும் மேட்டுமூக்குக் குழிவிரியனுக்கு, நம் மருத்துவமனைகளில் உள்ள நால்வகைப் பாம்புகளுக்கான நச்சுமுறி மருந்து பயன்படாது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் சென்று பால் வெட்டுகிறவர்களைப் பாருங்கள். பலர் காலில் தேய்ந்த ரப்பர்ச் செருப்புத்தான். உலகத்தார் கால்களுக்குப் பிடிமானம் தரும் ரப்பரை மரத்திலிருந்து இறக்குகிறவர்களின் நிலை இது! ஆண்டுக்கு ஒருமுறை மலை ஏறும் நமக்குக் கட்டாயமாம். ஆண்டு முழுதும் புதரில் நடப்பவர்களைப் பற்றி எந்தக் குழுவும் பேசுவதில்லை.

எங்கள் வட்டாரத்தில் காலணி வெறும் காலணியாக இருந்ததில்லை. பழைய திருவிதாங்கூரில் நாடார் முதலான சாதியார் செருப்பு அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பொன்நகை பூணக் கூடாது என்று தடை இருந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-இல் தலைப்பாகை கட்டி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றபோதுதான், சாலை எல்லாருக்கும் உரியது என்ற பேச்சே பிறந்தது. பெண்களுக்கு அகத்தியமலை உச்சி திறந்தது நேற்றுத்தான்: 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2019 சனவரியில் பெண்கள் ஏறினார்கள். நெல்லையிலிருந்து பிழைக்க வந்து பாறசாலையில் பாத்திரக் கடை வைத்தவரின் மகள் நான். அன்று, செருப்பு அணிந்தால் குற்றம். இன்று, விலையுயர்ந்த செருப்பு இல்லாவிட்டால் குற்றம். இரண்டிலும் அடிவாரத்தில் நிறுத்தப்படுபவர் ஏழைதான். வெறுங்கால் நடையே இயற்கை நடை என்று பாடும் அன்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேண்டாமென்று கழற்றிவைப்பவரின் வெறுங்கால் வேறு. கிடைக்காதவரின் வெறுங்கால் வேறு.

ஆகவே குழுவினர் விதியை இப்படி மாற்றட்டும்: பல் தேயாத ரப்பர் அடித்தோல், குதிகால் நழுவாத பொருத்தம், விரல்களுக்கு இடம். இம்மூன்றும் இருந்தால் எந்த விலைக் காலணியும் ஏற்கப்படும். பெயர் கொடுத்தவர்கள் பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே, நனைந்த சரள் சரிவு ஒன்றில் ஏறி இறங்கிக் காட்டட்டும். அட்டைக்கும் முள்ளுக்கும், முழங்கால் வரை இழுத்துக் கட்டும் கெட்டித் துணியுறையைத் தையற்காரரிடம் மொத்தமாகத் தைத்துக்கொள்ளலாம். காலணி இல்லாதவர்களுக்காகச் சங்க நிதியில் ஐந்தாறு ஜோடி வாங்கி இரவல் தரலாம். அவற்றைச் சங்க அலமாரியில் அடுத்த சனவரி வரை பூட்டிவைக்க வேண்டாம். நான் முன்னே சொன்னபடி உதிர்ந்துபோகும். இடையில் உள்ள பதினோரு மாதங்கள் அவற்றை யார் அணிவது என்பதையும் குழுவே முடிவு செய்யட்டும். எங்கள் ஊரில் விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் கால்களில் எட்டாம் அளவும் ஒன்பதாம் அளவும் நிறைய உண்டு.