பற்றரியைப் பறிக்காதீர்கள், பழக்கிக் கொடுங்கள்

பழைய லெப்டொப் பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் 18650 செல்களை எடுத்து டோர்ச்சும் ஸ்பீக்கரும் செய்கிறார்கள் எமது பிள்ளைகள். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் பலர் செல்லின் முனையிலேயே நேரடியாக சோல்டர் செய்கிறார்கள். ஆபத்து அங்கேதான்.

சோல்டரிங் அயனின் நுனி 300 பாகை செல்சியசைத் தாண்டும். செல்லுக்குள் இரு மின்வாய்களையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளோ சுமார் 130 பாகையிலேயே உருகிவிடும். அது பழுதானால் உள்ளே ஷோர்ட் ஆகும். அன்று ஒன்றும் நடக்காமல், பிறகொரு நாள் சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம்.

பாதுகாப்பான வழி பெரிய செலவில்லை. செல் ஹோல்டர் பாவிக்கலாம். அல்லது நிக்கல் தகடு பொருத்திய செல்லை வாங்கி, தகட்டின் நுனியில் மட்டும் சோல்டர் செய்யலாம். சார்ஜர் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ற்றில் தானாக நிற்க வேண்டும். வீங்கிய, நசுங்கிய செல்லைத் தொடவே வேண்டாம். மெத்தை மேல் வைத்து, இரவு முழுக்க சார்ஜ் போடவும் வேண்டாம்.

சில பெற்றோர் பொருட்களைப் பறித்து வைக்கிறார்கள். பறித்தால் பிள்ளை ஒளித்துச் செய்வான். அது இன்னும் மோசம்.

பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த வருடம் கேடயங்களில் கொஞ்சம் குறைத்து, பாடசாலைக்கு ஒரு ஸ்பொட் வெல்டர் வாங்கிக் கொடுங்கள். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, மாதத்தில் ஒரு மணித்தியாலம் வந்து சொல்லிக் கொடுங்கள். எங்கள் முன்னால் செய்யட்டும், சரியாகச் செய்யட்டும்.