"வேலை செய்யல"ன்னு சொன்னா போதுமா?



போன வாரம் கணினி அறையில் ஒரு கட்டற்ற மென்பொருளில் தமிழ்க் கட்டுரை அடித்தேன். 'கொ' அடித்தால் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கமாக நின்றது. "அது எப்பவும் அப்படித்தான்டி, விடு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். நானும் மூடிட்டு வந்துட்டேன். நான் செய்தது தப்பு என்பதுதான் இப்போது என் கருத்து.

எங்க தெருக் குழாயில் தண்ணீர் வராதபோது எல்லோரும் வீட்டுக்குள்ளேயே புலம்பினோம். எந்தத் தெரு, எந்தக் குழாய், எத்தனை நாளா வரலைன்னு அம்மா நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் ஆள் வந்தார். மென்பொருளும் அப்படித்தான்.

எட்டாம் வகுப்பில் லிப்ரே ஆபிஸ் கால்க் படித்தோமே, அது 2010-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது. அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பிழைகளைப் பதிய பக்சில்லா என்ற ஏற்பாடு இருக்கிறது. அதே பிழையை வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடணும். இல்லையென்றால் நாம் பதியலாம். எந்தப் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா, வரிசையாக என்னென்ன செய்தோம், என்ன வந்திருக்கணும், என்ன வந்தது என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் சேர்க்கணும். நாம் செய்த மாதிரியே செய்து பார்த்து அவர்களுக்கும் அந்தப் பிழை வந்தால் திருத்துவது சுலபம்.

"எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். பிழையைச் சொல்ல அது தேவையில்லை. எங்கோ வெளிநாட்டில் புரோகிராம் எழுதுகிறவருக்கு 'கொ' எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருக்கலாம். நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும்! இந்த விஷயத்தில் நாம்தான் டீச்சர். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

மெனுவில் வரும் சொற்களைத் தமிழாக்குவதும் உதவிதான். பிழையை ஆங்கிலத்தில் எழுதணும், ஆனால் சின்னச் சின்ன வாக்கியம் போதும். சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களும் அங்கே இருப்பதால் மரியாதையாக எழுதணும். பதில் வர நாளாகலாம், பொறுத்திருக்கணும்.

என் யோசனை இது. கணினி அறையில் ஒரு 'பிழை நோட்டு' வைப்போம். யார் எந்தப் பிழையைப் பார்த்தாலும் அதில் எழுதட்டும். மாதம் ஒருமுறை கணினி டீச்சர் உதவியோடு அனுப்புவோம்.

நோட்டு நான் வாங்கிட்டேன். முதல் பக்கத்தில் 'கொ' இருக்கு. இரண்டாம் பக்கம் உங்களுக்கு!

- 9-ஆம் வகுப்பு மாணவி