வால்வை எதுக்குங்ணா உடைக்கோணும்?

போன வாரம் பொள்ளாச்சில இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். மெரைன் இஞ்சினியரிங் மூணாவது வருஷம். கையில ஏதோ பாய்லர் மேனுவல். "ஏனுங்ணா, ஸ்டீம் வால்வை 'கிராக் ஓபன்' பண்ணச் சொல்லிப் போட்டிருக்குது. நல்லா இருக்குற வால்வை எதுக்குங்ணா உடைக்கோணும்?"

விழுந்து விழுந்து சிரிச்சேன். போனை வெச்சப்புறம்தான் வயித்தைக் கலக்குச்சு.

தெரியாதவங்களுக்காக: கிராக் ஓபன்னா வால்வை நூலிழை அளவு மட்டும் திறக்கிறது. ஆறிப்போன ஸ்டீம் பைப்புக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும். கொஞ்சமா ஸ்டீம் விட்டு பைப்பைச் சூடாக்கி, அந்தத் தண்ணியை வடிச்சப்புறம்தான் முழுசா திறக்கணும். எடுத்த எடுப்புல திறந்தா, ஸ்டீம் அந்தத் தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போய் பைப் வளைவுல சம்மட்டி மாதிரி அடிக்கும். இதுக்குப் பேரே வாட்டர் ஹேமர். பைப் பிளந்தா பக்கத்துல நிக்கிறவன் வெந்துடுவான். கிராக், ஓபன் ரெண்டு வார்த்தையும் தம்பிக்குத் தனித்தனியா தெரியும். சேர்ந்து வந்தா தெரியாது.

காலேஜ்ல இங்கிலீஷ் என்னதான்டா நடத்துறாங்கன்னு கேட்டேன். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ். 'மை நேம் ஈஸ்'னு ஆரம்பிக்கிற சுய அறிமுகம். ஹெட்போன் மாட்டிக்கிட்டு உச்சரிப்புப் பயிற்சி. அப்புறம் அர்த்தத்தோட ஒரு வார்த்தைப் பட்டியல், மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கணும். பி.காம். படிக்கிறவனுக்கும் இதேதான் நடத்துவாங்க. கப்பலுக்குப் போறவனுக்கு இது எதுக்கு ஆகும்?

வார்த்தை எப்பவும் கூட்டாளியோடதான் வரும். 'சவுண்ட்' அலாரத்தோட சேர்ந்தா ஒலிக்கிறது. டேங்கோட சேர்ந்தா உள்ள எண்ணெய் எவ்வளவு ஆழம்னு அளக்கிறது. பட்டியல்ல 'சவுண்ட் = ஒலி'ன்னு படிச்சவன் டேங்க் பக்கத்துல போய்க் காது வெச்சுக் கேப்பான். நாம 'மோட்டார் போடு'ன்னு சொல்றதை அப்படியே பெயர்த்து 'புட் தி பம்ப்'னு சொன்னா, பிலிப்பைன்ஸ்காரன் எங்க வைக்கணும்னு திருப்பிக் கேப்பான். 'வாட்ச் பாத்தேன்'ங்கறதை இங்கிலீஷ்ல அப்படியே சொன்னா கைக்கடிகாரம்தான். அங்க வாட்ச் 'கீப்' பண்ணணும், முடிஞ்சா 'ஹேண்ட் ஓவர்' பண்ணணும். இலக்கணப்படி பாத்தா 'ஐ சா தி வாட்ச்'ல ஒரு தப்பும் இல்லை. அதனால இலக்கண வாத்தியார் முழு மார்க் போட்டுடுவார்!

இது நமக்குப் புதுசும் இல்லைங்க. பள்ளிக்கூடத்துல மரபுன்னு படிச்சோமே. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். கூடை முடையணும், கூரை வேயணும், சுவர் எழுப்பணும். தொல்காப்பியத்துல மரபியல்னு தனி இயலே இருக்கு. மொழியியல்ல இந்தச் சேர்க்கையை 'காலகேஷன்'னு ஜே.ஆர்.ஃபர்த் பேச ஆரம்பிச்சது 20ஆம் நூற்றாண்டுலதான். கூடை 'செய்தான்'னு எழுதினா தமிழய்யா சிவப்பு மையில சுழிப்பார். அந்தச் சுழியை இங்கிலீஷ் வகுப்புல போட ஆளில்லை.

"கப்பல் ஏறினா தானா வந்துடும்"னு சொல்றவங்க உண்டு. ஆபீஸ்ல நானும் டிக்கெட் 'ரெய்ஸ்' பண்றதை, கோட் 'கமிட்' பண்றதை அப்படித்தான் கத்துக்கிட்டேன். ஆனா நான் தப்பா சொன்னா பில்டு ஊத்திக்கும், அவ்வளவுதான். அவன் நிக்கிறது கொதிக்கிற பாய்லர் பக்கத்துல. கூட இருக்குறவங்க உக்ரைன்காரனோ இந்தோனேசியாக்காரனோ, அவங்களுக்கும் அது கடன் வாங்கின பாஷை. தப்பாச் சொன்னதைச் சரியா ஊகிச்சுக்க அங்க யாரும் இல்லை.

"ஐ.எம்.ஓ. ஏற்கெனவே வாக்கியங்கள் கொடுத்திருக்கே"ன்னும் சொல்வாங்க. கொடுத்திருக்கு. ஸ்டாண்டர்ட் மெரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேசஸ், 2001ல ஏத்துக்கிட்டது. நல்ல வேலைதான். ஆனா அது பெரும்பாலும் பிரிட்ஜுல நிக்கிறவங்களுக்கானது. பம்பைப் பிரிச்சு மாட்டுறவனுக்கு அது பத்தாது. எஸ்.டி.சி.டபிள்யூ. விதிகள் இஞ்சினியர்கிட்ட எதிர்பார்க்கிறதே, தொழில் சார்ந்த நூல்களைப் படிச்சு வேலையைச் செய்யிற அளவுக்கு இங்கிலீஷ்தான். உச்சரிப்பு அழகை இல்லை.

என்ன பண்ணலாம்? பட்டியலைக் கிழிச்சுட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. பம்ப்: பிரைம், ஸ்டார்ட், ஓவர்ஹால். டேங்க்: சவுண்ட், டாப் அப், ஸ்ட்ரிப். பாய்லர்: ரெய்ஸ் ஸ்டீம், ப்ளோ டவுன். மேனுவல்லயும் லாக் புக்லயும் இருந்தே எடுங்க. வகுப்பை ஒர்க்‌ஷாப்ல வைங்க. இங்கிலீஷ் மிஸ்ஸும் ரிட்டயர்டு சீஃப் இஞ்சினியரும் சேர்ந்து நடத்தட்டும். இலக்கியம் படிச்சுட்டு வந்த மிஸ்ஸுக்கு வால்வ் தெரியலைன்னா அது அவங்க தப்பில்லை. அவங்களை ஒர்க்‌ஷாப்புக்குள்ள விடாத நிர்வாகத்தோட தப்பு.

பம்புக்குப் பேர் போன கோயம்புத்தூருங்க இது. இங்க பட்டறை ஃபிட்டர் கூட 'பிரைம் பண்ணியாச்சு'ன்னு சரியா சொல்றார். லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குற காலேஜுக்குச் சொல்லித் தரத் தெரியலையா? என் சித்தப்பா தோப்பை அடமானம் வெச்சுக் கட்டின ஃபீஸ் அது.

பி.கு.: தம்பி நோட்டு போட ஆரம்பிச்சுட்டான். முதல் பக்கம் வால்வ். நேத்து மறுபடி போன்: "ஏனுங்ணா, வால்வை 'லேப்' பண்றதுன்னா லேபுக்கு எடுத்துட்டுப் போறதுங்களா?" இல்லடா, பேஸ்ட் தடவி சீட்டோட உக்கார்ற மாதிரி தேய்க்கிறதுன்னேன். எழுதிக்கிட்டான் :-)