அத்தாட்சி எங்கே?

"ரேஷன் கார்டு வாங்குவதற்கே நாலு அத்தாட்சி கேட்கிறார்கள். கடவுள் மட்டும் ஓர் அத்தாட்சியும் காட்டாமல் மறைந்திருந்து, 'என்னை நம்பு' என்று சொல்லலாமா?" என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். அவர் வீண் விவாதம் செய்கிறவர் அல்லர். ஆறு மாதத்துக்கு முன் மகனைப் பறிகொடுத்தவர். ஆகையால் நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய சம்பவம் நம் நினைவுக்கு வந்தது.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பிற்பகலில் பீஹாரும் நேபாளமும் பூகம்பத்தால் அதிர்ந்தன. மோங்கீர், முஸபர்பூர் முதலிய பட்டணங்கள் இடிந்து விழுந்தன. மாண்டவர்கள் 10,000 பேருக்கு மேல். தீண்டாமை ஒழிப்புக்காக யாத்திரை செய்துகொண்டிருந்த மகாத்மா காந்தி அச்சமயம் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமை என்னும் மகா பாபத்துக்கு ஆண்டவன் அளித்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று அவர் கூறினார்.

கவி தாகூருக்கு இது சம்மதமாயில்லை. அவரும் தீண்டாமையை வெறுத்தவர். அவரும் தெய்வ நம்பிக்கை உள்ளவர். ஆயினும், இயற்கையின் உற்பாதங்களுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு என்றார். 'காந்தியும் அவரைச் சேர்ந்தவர்களும் செய்த காரியங்களுக்காகத்தான் தெய்வ கோபம் உண்டாயிற்று' என்று எதிர்க்கட்சியார் திருப்பிச் சொன்னாலும் ஆச்சரியமில்லை என்று சுட்டிக் காட்டினார். மகாத்மா இந்த மறுப்பைத் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிரசுரித்தார். தம் கருத்தை நிரூபிக்கத் தம்மால் இயலாது, ஆனால் அது தமக்கு உயிருள்ள நம்பிக்கை என்று பதிலும் எழுதினார்.

பூமி பிளப்பதைக் காட்டிலும் பெரிய அடையாளம் என்ன வேண்டும்? பிளந்தும் என்ன தெளிவாயிற்று? இரண்டு பெரியோர்கள் ஒரே ஏட்டை இரண்டு விதமாக வாசித்தார்கள்.

"அப்படியானால் எல்லாருக்கும் புரியும்படி நேரில் வந்து நிற்கட்டுமே!" என்பார் நம் நண்பர். ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் 1788-ல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். கடவுள் கண்ணெதிரே நின்றால் மனிதர்கள் ஒழுங்காகத்தான் நடப்பார்கள். ஆனால் அச்சத்தினால் நடப்பார்கள், பொம்மலாட்டப் பதுமைகளைப் போல. உபாத்தியாயர் வகுப்பில் நிற்கும் வரையில் எந்தப் பையன்தான் வாயைத் திறக்கிறான்? அவர் வெளியே போன பிறகல்லவா பையனின் யோக்கியதை தெரிகிறது!

இது நல்ல சமாதானம். ஆனால் முழுச் சமாதானம் அன்று. மகனை இழந்தவர் பிரம்புடன் நிற்கும் உபாத்தியாயரைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து தேற்றுகிற ஒருவரைத்தான் கேட்கிறார். கனடா தேசத்துத் தத்துவாசிரியர் ஷெல்லன்பர்க் 1993-ல் எழுதிய நூலில் இந்த ஆட்சேபத்தையே பலமாக எழுப்பினார்: கடவுள் அன்பே உருவானவரானால், எதிர்ப்பு ஏதுமின்றி மனம் திறந்திருப்பவனும் அவரை அறியாமல் இருப்பது எப்படி? இதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விடை இன்றுவரை கிடைத்தபாடில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவரை 'நாஸ்திகர்' என்று வைவது விடை ஆகாது.

பீஹார்க் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. பண்டித ஜவஹர்லால் நேருவுக்கும் மகாத்மாவின் பேச்சுப் பிடிக்கவில்லை. அது விஞ்ஞான நோக்குக்கு முற்றும் விரோதமானது என்று சுயசரிதையில் எழுதினார். கடவுள் விஷயத்தில் அவருக்கு உறுதியான நம்பிக்கை இருந்ததில்லை. அவர் சகாக்களுடன் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு, மோங்கீரில் இடிபாடுகளைத் தோண்டினார். அன்று வெளிப்பட்டது ஒரு சிறுமியின் சடலம். மார்ச்சு மாதத்தில் மகாத்மாவும் பீஹாருக்குப் போய், ஊர் ஊராகச் சென்று துயருற்றவர்களைக் கண்டார். அடையாளம் கண்டவரும் போனார், காணாதவரும் போனார். வீடிழந்து நின்ற ஜனங்கள் இருவருடைய சித்தாந்தத்தையும் விசாரிக்கவில்லை.

நண்பரிடம் நாம் தர்க்கம் செய்யவில்லை. அன்று மாலை வெகு நேரம் அவருடன் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மகனைப் பற்றி அவர் பேசினார், நாம் கேட்டோம். கடவுள் மறைந்திருப்பதற்கு என்ன நியாயமோ, அது அவருக்கே வெளிச்சம். துயரப்படுகிறவர் கண்ணில் படாமல் நாம் மறைந்துகொள்வதற்கு மட்டும் ஒரு நியாயமும் கிடையாது.