வெள்ளி விழாவுக்கு எத்தனை வெள்ளி?

எங்கள் கல்யாணத்துக்கு 25 வருஷம் நிறையப் போகிறது என்றபோது மூத்த மகள்தான் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இந்த வருஷமும் கோயில், வாழையிலைச் சாப்பாடு, வீடுதானா? அம்மாவை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேர் மட்டும்."

அந்த ‘ரெண்டு பேர் மட்டும்’ என்னை உறுத்தியது. யோசித்துப் பார்த்தால், 25 வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் வெளியூரில் ஓர் இரவு தங்கியதே இல்லை. பயணம் போகாமல் இல்லை. ஈப்போவில் சித்தி வீடு, சுங்கைப்பட்டாணியில் மைத்துனர் வீடு, ஜொகூரில் அண்ணன் வீடு. சொந்தக்காரர் வீடு இருக்கும்போது ஹோட்டலில் தங்கினால் மனஸ்தாபம் வரும் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வீடுகளிலும் விடியற்காலையில் எழுந்து, அண்ணியோடு சேர்ந்து சமையலறையில் நின்றவள் என் மனைவி. எனக்கு விடுமுறை. அவளுக்கு அடுப்பு மட்டும் மாறியது.

சரி, பினாங்கு என்று முடிவு செய்தேன். கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல் போனால், அங்கிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். கார் ஓட்டும் களைப்பு இல்லை. அவளுக்கு ஃபெர்ரியில் போகப் பிடிக்கும். இதுவரை எல்லாம் சரி. தங்கும் இடத்தில்தான் கோட்டை விட்டேன்.

திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு இரவு கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிப் பார்த்தேன். ஜார்ஜ் டவுன் பழைய நகரில் ஒரு கடைவீட்டை விடுதியாக மாற்றியிருந்தார்கள். செதுக்கு வேலை செய்த மரக்கட்டில், மேலே வெள்ளைக் கொசுவலை, தரையில் பூப்போட்ட பழைய ஓடு, குளியலறையில் சினிமாவில் வருகிற மாதிரி ஒரு தொட்டி. ஓர் இரவுக்கு 380 வெள்ளி. இரண்டு இரவுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தால் அறை இரண்டாம் மாடியில். மின்தூக்கி இல்லை. மரப்படி, ஏணி போலச் செங்குத்தாக நின்றது. என் மனைவிக்கு மூன்று வருஷமாக மூட்டு வலி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். பின்னால் பெட்டியோடு நின்ற நான் எண்ணிக்கொண்டே வந்தேன். 34 படி.

அறையில் ஜன்னல் இருந்தது. ஆனால் அது தெருவைப் பார்க்கவில்லை. நடு முற்றத்தையும், எதிர் அறையின் மூடிய ஜன்னலையும் பார்த்தது. அந்தத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க அவளால் முடியவில்லை. இரவு, பின்தெருவில் இருந்த மதுக்கடையின் பாட்டு ஒரு மணி வரை ஓயவில்லை.

"அறை அழகா இருக்குங்க" என்றாள். சாப்பிடக் கீழே போகலாமா என்று கேட்டேன். "மறுபடி ஏறணுமே" என்றாள். நான் மட்டும் இறங்கிப் போய் மீ கோரேங் பொட்டலம் வாங்கி வந்தேன். எங்கள் வெள்ளி விழா விருந்து அதுதான்.

சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டாள்: "அறை எடுக்கும்போது என் முட்டி வலி உங்களுக்கு ஞாபகம் வரலையா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். அவளை மருத்துவரிடம் கூட்டிப் போவது எப்போதும் இளைய மகள்தான். எந்த முழங்காலில் வலி அதிகம் என்று அப்போது யாராவது என்னைக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது.

விடுதிக்காரர் மேல் குற்றம் இல்லை. பழைய கடைவீடுகள் அப்படிக் கட்டப்பட்டவை. முன்பக்கம் குறுகலாக, உள்ளே நீண்டு போகும். கீழே கடை, மேலே குடும்பம், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் திறந்த முற்றம். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, அந்த எல்லைக்குள் இருக்கும் பழைய கட்டடங்களை நினைத்தபடி இடித்து மாற்ற முடியாது. எனவே பல கடைவீடு விடுதிகளில் மின்தூக்கி இருக்காது, உள் அறைகளுக்குத் தெரு ஜன்னல் இருக்காது. படத்தில் கட்டிலைப் பார்த்த நான் படியைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால் அவளிடமே கேட்டேன். "உனக்கு எப்படிப்பட்ட இடம் வேணும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை போலும். பிறகு சொன்னாள்: "ராத்திரி சத்தம் இல்லாம தூங்கணும். காலையில யாரும் என்னை எழுப்பக் கூடாது. எழுந்து மெதுவா நடந்தா கோயில் வரணும். யாராவது போட்ட தோசையைச் சாப்பிடணும். கடல் தெரிஞ்சா சந்தோஷம், தெரியலேன்னாலும் பரவாயில்லை."

கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டியைப் பற்றியும் இல்லை.

இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பினாங்கைப் பார்த்தபோது ஊரே வேறு மாதிரி தெரிந்தது. நீங்களும் போகத் திட்டமிட்டிருந்தால், எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

லவ் லேன், சூலியா தெரு: பெயரைக் கேட்டதும் காதலர்களுக்கானது என்று தோன்றும். முதுகுப்பை மாட்டிய இளைஞர்களின் இடம் அது. மதுக்கடைகள் உண்டு, இரவு நீளும். கல்யாணமாகி இரண்டு, மூன்று வருஷம் ஆனவர்களுக்குப் பிடிக்கலாம்.

லிட்டில் இந்தியா: லெபோ குவீனில் 1833ஆம் ஆண்டு எழுந்த மகாமாரியம்மன் கோயில். சுற்றிலும் லெபோ பசார், லெபோ பினாங்கு. பூவும் தோசையும் சேலைக் கடையும் கூப்பிடு தூரம். மாலையில் கடைகளின் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். அதனால் அந்தத் தெருவிலேயே தங்காமல், நடக்கும் தூரத்தில் தள்ளித் தங்குவது நல்லது.

லெபோ ஃபார்குவார் கடலோரம்: ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இங்குதான் இருக்கிறது. 1885இல் அதைத் தொடங்கிய ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கிஸ் குடும்பத்தார்தான் பின்னர் சிங்கப்பூரில் ராஃபிள்ஸையும் தொடங்கினார்கள். கடலைப் பார்த்த அறைகள், கட்டணமும் அதற்கேற்ப. கைக்கு எட்டாவிட்டால் வேறெங்காவது தங்கிக்கொண்டு, ஒரு மாலை தேநீர் குடிக்க மட்டும் போய் வரலாம்.

கர்னி கடலோரம்: மின்தூக்கியோடு கூடிய உயரமான ஹோட்டல்கள், மேல்மாடியில் கடல் காட்சி, பக்கத்திலேயே அங்காடிக் கடைகள். பழைய நகருக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும்.

பத்து ஃபெரிங்கி: மணலிலும் நீச்சல் குளத்திலும் பொழுதைப் போக்குகிறவர்களுக்கு ஏற்றது. தினமும் நகருக்குள் வர நினைத்தால் வளைந்து வளைந்து வரும் சாலையிலேயே பாதி நாள் போய்விடும்.

இடத்தை முடிவு செய்த பிறகு, விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. படத்தில் தெரியாததை எல்லாம் அப்போது கேட்டுவிடுங்கள். அறை எத்தனையாவது மாடி? மின்தூக்கி உண்டா? ஜன்னல் எதைப் பார்க்கிறது? குளிக்கத் தொட்டிக்குள் ஏற வேண்டுமா, நின்று குளிக்கலாமா? ஒரே கட்டிலா, இரண்டு சிறு கட்டிலா? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கல்யாண நாளுக்குப் போய் ஆளுக்கொரு மூலையில் படுத்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் வெளிநாட்டு வாசகர்களுக்கு அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி.

இன்னொன்று, நாள். நம்மில் பலருக்குத் தை மாதத்தில் கல்யாணம் நடந்திருக்கும். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அதை ஒட்டியே வரும். தைப்பூசத்துக்குப் பினாங்கில் ரதம் பார்க்க ஊரே திரளும். அறை கிடைப்பதே கடினம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். எங்களுக்கும் தை மாதம்தான். இரண்டாம் தடவை மூன்று வாரம் தள்ளி, வார நடுவில் போனோம். "நாள் போனா போகுது. நான் எங்கேயும் போயிடலையே" என்றாள் அவள்.

தங்கியது பழைய நகருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஹோட்டல். ஓர் இரவுக்கு 210 வெள்ளி. மின்தூக்கி இருந்தது. சுவரில் ஓர் ஓவியம்கூட இல்லை. ஜன்னலை ஒட்டி நின்றால் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு கோடு கடல்.

முதல் நாள் காலை நான் ஆறு மணிக்கே விழித்துவிட்டேன். அவளை எழுப்பவில்லை. ஏழரை வரை தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு முன்னால் நான் எழுந்தது விரல்விட்டு எண்ணும் தடவைதான். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அப்படி உட்கார்ந்ததும் இல்லை.

பிறகு கோயிலுக்கு நடந்தோம். அங்குள்ள ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு கடை வாசலிலும் ஓர் உயரம். ஏறி இறங்கினால் முழங்கால் தாங்காது. காலை வேளையில் வண்டிகள் குறைவு என்பதால் சாலை ஓரமாகவே போனோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிட வழிக்கு 25 நிமிடம் ஆனது. வலது காலில்தான் வலி அதிகம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்ததும் அடுத்த மருத்துவர் சந்திப்புக்கு நானே அவளைக் கூட்டிப் போனேன்.

ஊருக்குத் திரும்பும் ஃபெர்ரியில் அவள் சொன்னது இது: "ஆனாலும் போன வருஷக் கட்டில் நல்லாத்தான் இருந்துச்சுங்க. அதைக் கீழ்த்தளத்துல போட்டிருக்கலாம்."

கடைவீடு விடுதிகள் சிலவற்றில் தரைத்தளத்திலும் அறை உண்டாம். அடுத்த தைக்குள் விசாரித்து வைக்க வேண்டும்.