ஜான்ஸி ராணிப் படையின் உபாத்தியாயினி

பதினாறு பிராயமுள்ள பெண் ஒருத்தி, பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று வீட்டில் வந்து சொன்னால் நம் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? 1943-ம் வருஷத்தில் மலாய் நாட்டில் ஒரு தாயாருக்கு அந்தச் சோதனை வந்தது. அதுவும் ஒரு மகளால் அல்ல, இரண்டு மகள்களால். மூத்தவள் பொன்னம்மா, இளையவள் ராசம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து சென்று குடியேறிய நவரத்தினம் குடும்பத்துப் பெண்கள். ராசம்மா 1927-ல் ஈப்போ நகரில் பிறந்தவர். இந்தியாவின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கக் கிளம்பிய அந்தப் பெண், இந்திய மண்ணில் பிறந்தவரும் அல்ல, வளர்ந்தவரும் அல்ல என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவ்வருஷம் ஜூலை 2-ந் தேதி ஸுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஒரு வாரத்துக்குள், பெண்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். ஜூலை 12-ந் தேதி, சென்னையிலிருந்து சென்று சிங்கப்பூரில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் லக்ஷ்மியின் தலைமையில் சுமார் இருபது பெண்கள் துப்பாக்கியுடன் அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அக்டோபர் 22-ல் ஜான்ஸி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நவரத்தினம் வீட்டுப் பெண்களைப்போல் இங்கிலீஷ் படித்தவர்கள் அல்லர். ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். படையில் உத்தரவுகளெல்லாம் ஹிந்துஸ்தானியில். 1938-ல் நமது ராஜதானியில் அந்தப் பாஷையின் பொருட்டு எத்தனை கிளர்ச்சி நடந்தது! தோட்டத்துப் பெண்களோ, முன்னே போ, திரும்பு, நில் என்ற அளவுக்கு அதைக் கற்றுக்கொண்டு, மற்றதைத் தமிழிலேயே பேசித் தீர்த்தார்கள்.

படையினர் பர்மாவுக்குச் சென்றார்கள். மேமியோவில் முகாம். முன்னணியில் நின்று போர் புரியும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1944-ல் இம்பால் முற்றுகை தோல்வியுற்றதும் காயம்பட்டும் காய்ச்சலுற்றும் திரும்பிய வீரர்களுக்குச் சுச்ரூஷை செய்வதே அவர்கள் வேலையாயிற்று. துப்பாக்கி பிடிக்கக் கற்ற கைகளுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டும் வேலை ஏமாற்றமளித்திருக்கலாம். ஆனால் படுத்துக் கிடந்த வீரனுக்கு அது சிறிய வேலையாகத் தோன்றியிராது. 1945 ஏப்ரல் 24-ந் தேதி நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, அங்கிருந்த ராணிப் படைப் பெண்களைத் தம்முடன் அழைத்துக்கொண்டே வெளியேறினார். பகலில் ஆகாய விமானங்களுக்குப் பயந்து பதுங்குவதும், இரவில் நடப்பதுமாக அந்த யாத்திரை நடந்தது.

ராசம்மாவின் கதையை இத்துடன் நிறுத்திவிடுவதே நமது வழக்கம். சீருடை அணிந்த படம் ஒன்றைப் போட்டு, ஒரு வந்தே மாதரமும் சொல்லிவிட்டால் நமது கடமை தீர்ந்தது! எனக்கோ அவருடைய பெரிய யுத்தம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று என்று தோன்றுகிறது.

அவர் விட்ட படிப்பைத் தொடர்ந்து, சரித்திரத்தில் பட்டம் பெற்று, ஆசிரியை ஆனார். பூபாலன் என்பவரை மணந்து ராசம்மா பூபாலன் என்று அறியப்பட்டார். மலாயா 1957-ல் சுதந்திரம் அடைந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தின் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. ஒரே பரீட்சையில் தேறி, ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாலும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். கல்யாணம் செய்துகொண்டால் நிரந்தர உத்தியோகமும் போய்விடும். மாதத்துக்கு மாதம் தற்காலிகமாக வேலை பார்க்கவேண்டும். உபகாரச் சம்பளத்துக்கு வழியில்லை. குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் ஆண் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே வாழும் விதவை எதைக்கொண்டு காப்பாற்றுகிறாள் என்று அந்த நியாயம் கேட்பதில்லை.

1960-ல் ராசம்மா பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு அதன் தலைவியானார். அந்நியனை எதிர்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஊரே கூட வந்து நிற்கும். சொந்த நாட்டுச் சர்க்காரிடம், அதுவும் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் ஆண் சகாக்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் காட்டி நியாயம் கேட்கும்போது, கூட வருகிறவர்கள் குறைவு. வருஷக்கணக்கில் மனுக்கள், கூட்டங்கள், மந்திரிகளுடன் பேச்சுவார்த்தை. 1963-ல் உருவான பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றத்திலும் அவர் முன்னின்று உழைத்தார். முடிவில் 1969-ல் சம ஊதியம் என்னும் கொள்கையைச் சர்க்கார் ஒப்புக்கொண்டது.

அதே வருஷத்தில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாகி, 1982 வரையில் அப்பொறுப்பை வகித்தார். வருஷந்தோறும் அங்கே படித்துத் தேறி, சம்பாதிக்கப் புறப்பட்ட பெண்களில், தங்கள் முதல் மாதச் சம்பளம் ஏன் ஆண்களுக்குச் சமமாக இருந்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் அவர் பழைய நாட்களைப் பற்றித் தெளிவாகப் பேசினார். அவரது வாழ்க்கையை அருணா கோபிநாத் எழுத, மலேசிய தேசிய ஆவணக் காப்பகம் 2007-ல் புத்தகமாக வெளியிட்டது. படித்தவருக்குப் புத்தகம் கிடைத்தது. தோட்டத்துக்குத் திரும்பிய ராணிகளுக்கு, துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு காத்திருந்தது மறுபடியும் பால் வாளிதான். அவர்களில் யாரோ ஒருவரின் பெயர் எப்போதாவது பத்திரிகையில் வரும். கோலாலம்பூரில் 2022-ல் 102-வது வயதில் காலமான அஞ்சலை பொன்னுசாமி அம்மாளின் பெயர் அப்படி வந்தது. இந்தியப் பிரதமர் இரங்கல் தெரிவித்தார். மற்றவர்கள் யாருக்கோ தாயாராக, யாருக்கோ பாட்டியாக இருந்து மறைந்தார்கள். அந்தப் பேரக் குழந்தைகளில் பலருக்கு, பாட்டிக்கு ஹிந்துஸ்தானியில் நாலைந்து வார்த்தை எப்படித் தெரிந்திருந்தது என்பது இன்னும் புரியாத விஷயமாகவே இருக்கக்கூடும்.