ஃபோனுக்குள் ஒரு பழைய டெலிபோன் டைரி

2021 அக்டோபர் 4. நம்மூரில் இரவு மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஃபோனை அணைத்துப் போட்டுப் பார்த்தவர்கள், வைஃபை பெட்டியைத் தட்டியவர்கள், ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று பதறியவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் திரும்பி வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

பராமரிப்பு வேலையில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தகவல் மையங்களை இணைக்கும் பாதையைத் துண்டித்துவிட்டது. கூடவே, 'ஃபேஸ்புக் எங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்களும் இணையத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. உலகமே விலாசம் கேட்டது, சொல்வதற்கு ஆளில்லை.

இப்படி விலாசம் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் டி.என்.எஸ். நமக்குப் பெயர்கள் நினைவில் நிற்கும். கம்ப்யூட்டர்களுக்கு எண்தான் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணை எடுத்துத் தருவதே இதன் வேலை.

ஆனால், இதற்கும் முன்னால் ஒரு டைரி இருந்தது. இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் 1970-களில் கம்ப்யூட்டர்கள் கொஞ்சம்தான். அவற்றின் பெயரும் எண்ணும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற ஒரே கோப்பில் அடங்கின. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமா? அலுவலக நேரத்தில் அவர்களுக்குச் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பட்டியலை அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் பெருகியதும் சிக்கலும் பெருகியது. ஒரே பெயருக்கு இருவர் போட்டி போட்டார்கள். ஒருவர் கையில் புதுப் பட்டியல், இன்னொருவர் கையில் போன மாதத்துப் பட்டியல்.

1983-ல் பால் மொகபெட்ரிஸ் வேறு வழி சொன்னார். ஒரே பட்டியல் வேண்டாம். அவரவர் பகுதிக்கு அவரவரே பொறுப்பு. புது ஊரில் விலாசம் தேடுகிறவர் முதலில் பஸ் ஸ்டாண்டில் தெருவைக் கேட்பார். தெருமுனைக் கடையில் வீட்டைக் கேட்பார். டி.என்.எஸ்.ஸும் அப்படித்தான். 'ஐ.ஆர்.சி.டி.சி. டாட் கோ டாட் இன்' என்று கேட்டால், பெயரை வலது பக்கத்திலிருந்து படிக்கும். உச்சியில் இருக்கும் ரூட் சர்வர் 'இன்' யாரிடம் என்று காட்டும், அவர்கள் ஐ.ஆர்.சி.டி.சி.யின் சர்வரைக் காட்டுவார்கள். அது எண்ணைச் சொல்லும். இத்தனையும் கண் சிமிட்டும் நேரத்தில். கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் இத்தனை படி ஏற வேண்டியதில்லை.

அந்தப் பழைய டைரி என்ன ஆனது? சாகவில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஏன், உங்கள் ஃபோனுக்குள்ளும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பு இன்றும் இருக்கிறது. டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும் முன் கம்ப்யூட்டர் வழக்கமாக இதைத்தான் புரட்டும். இதில் எழுதியிருந்தால் அதுவே முடிவு, வெளியே கேட்காது. வெப்சைட் கட்டுகிறவர்கள் சோதனைக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகள் ஒரு தளத்துக்குப் போகாமலிருக்க, அதன் பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று எழுதி வைக்கும் பெற்றோரும் உண்டு. அது 'என்னிடமே வா' என்று சொல்லும் எண். போன கோரிக்கை வாசலிலேயே திரும்பிவிடும். ஆனால், அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இது செல்லும். பையன் ஃபோனை எடுத்தால் கதை முடிந்தது.

முதலில் பார்க்கும் இடம் என்பதால்தான் திருடர்களுக்கும் இதன்மேல் கண். ஓசியில் கிடைக்கும் 'கிராக்' சாஃப்ட்வேரை நிறுவும்போது 'அனுமதி தரவா?' என்று விண்டோஸ் கேட்கும்; யோசிக்காமல் 'யெஸ்' தட்டுவோம். உள்ளே நுழைந்த வைரஸ், வங்கியின் பெயருக்கு எதிரே போலித் தளத்தின் எண்ணை எழுதிவிடலாம். நீங்கள் பெயரைச் சரியாகத்தான் டைப் செய்வீர்கள். போய்ச் சேருமிடம்தான் வேறு. ஃபோனில் இது கடினம். 'ரூட்' செய்யாத ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பைச் சாதாரண ஆப்களால் மாற்ற முடியாது.

டைரியைத் தொடாமல், விலாசம் சொல்லும் ஆளையே மாற்றுவது இன்னொரு வழி. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற வைரஸ் அதைத்தான் செய்தது. உலகெங்கும் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் திருடர்களின் சர்வரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தன. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. உடனே சர்வர்களை அணைத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையமே நின்றுவிடும் என்பதால், 2012 ஜூலை 9 வரை நல்ல சர்வர்களை அந்த இடத்தில் வைத்து ஓட்டினார்கள்.

போலித் தளத்துக்குப் போனாலும் ஒரு காவல் மிச்சமிருக்கிறது. பிரவுசர் சான்றிதழைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று முழுப் பக்கத்துக்கு எச்சரிக்கும். வங்கித் தளத்தில் அது வந்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தக் கூடாது. அவசரப் பணம் அனுப்புகிறபோதுதான் பலரும் அழுத்துகிறார்கள்.

சந்தேகம் வந்தால் விண்டோஸில் 'சி' டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இ.டி.சி. என்று உள்ளே போய் ஹோஸ்ட்ஸ் கோப்பை நோட்பேடில் திறக்கலாம். '#' குறியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள். அந்தக் குறி இல்லாத வரியில் வங்கி, மெயில் பெயர்கள் தெரிந்தால் விவகாரம்தான். அந்த வரியை மட்டும் அழித்தால் போதாது. எழுதிய வைரஸ் உள்ளேயே இருக்கும், ஆன்ட்டி வைரஸை ஓட்ட வேண்டும். அப்படியே வீட்டு வைஃபை ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லா ஃபோன்களுக்கும் டி.என்.எஸ். யார் என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.